நடுங்காத சீட்

மச்சான் தன் வாயால் மன்னிப்புக் கேட்கும்வரை நாற்காலியில் உட்காரப்போவதில்லை என்று நாடிக்காரர் சபதம் செய்தபோது, அந்த வீட்டில் இரண்டே நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் மனைவி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வேன் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று ஜன்னலோரம் கிடக்கும் அவருடைய கைவைத்த மர நாற்காலி. சபதத்தைச் சொல்லி முடித்த வேகத்தில் அதிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது.

"தரையில உக்காரலாமா?" என்று மனைவி தலை நிமிராமல் கேட்டாள்.

"தரை நாற்காலி இல்லையே."

"முழங்கால் வலின்னீங்களே."

அவர் யோசித்தார். பிறகு கொல்லையில் கிடந்த பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டார். டயர் நாற்காலியில் சேராது என்று தீர்ப்பும் அவரே சொன்னார். டயரில் உட்கார்ந்தால் பின்பக்கம் ஓட்டைக்குள் இறங்கிவிடும். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிடும். மச்சானைப் பழிவாங்குவது பற்றிய அவருடைய எல்லா யோசனைகளும் அந்தக் கோலத்தில் பிறந்தவைதான்.

நாடிக்காரர் என்பது வொர்க்‌ஷாப்பில் வைத்த பெயர். கார் எலக்ட்ரீஷியன். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இவளுக்கு மூச்சு முட்டுது" என்பார். பாதி நேரம் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். மீதிப் பாதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, முக்கியமாக அவர்.

மனைவியைத் தெருவில் தையலக்கா என்பார்கள். கார், வேன், பஸ் எதுவானாலும் சீட் உறை அவளிடம்தான் வரும். தடித்த ரெக்சின் துணியில் மெஷினை ஓட்டி ஓட்டி அவள் தோள்கள் அகன்றிருந்தன. அதைத் தொழில் என்று கணவர் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. "சும்மா இருக்க மாட்டா, துணி ஓட்டிக்கிட்டிருப்பா" என்பார், ஏதோ பொழுதுபோக்குக்கு அனுமதி கொடுத்தவர் மாதிரி.

மச்சான், அதாவது தையலக்காவின் அண்ணன், தரைக்கல் கடை வைத்திருந்தார். ஆனால் அவரை யாரும் கடைக்காரர் என்று சொல்வதில்லை. சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் ஆனதிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவர் தலைவர்தான். உயரம் கொஞ்சம் குறைவு. அவர் பேசும்போது மைக்கைச் சற்று இறக்கி வைக்கலாமே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. பதிலாக மைக்குப் பின்னால் போட ஒரு மரப்பெட்டி செய்தார்கள். அன்றிலிருந்து எந்த மேடையானாலும் முதலில் பெட்டி வரும், பிறகு தலைவர் வருவார்.

தலைவர் ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். அதில் ஓட்டுகிறவரை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கேமரா ஒன்று ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். இன்டிகேட்டர் போடாமல் வண்டி இடதுபக்கக் கோட்டைத் தாண்டினால் சீட் இடது தொடைக்கடியில் நடுங்கும்; வலது என்றால் வலது தொடை. முன்னால் எதிலாவது மோதப்போகிறது என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து நடுங்கும். வாங்கியதிலிருந்து வண்டியை ஓட்டியவர் ஒரு நெட்டை டிரைவர். இடதுபக்கம் நடுங்குவது மங்கிவிட்டது, சரி பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்ன கையோடு தலைவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டும் போய்விட்டார். இனி நானே ஓட்டுகிறேன் என்றார் தலைவர். அதற்கு முன்னால் வண்டியைத் தங்கை கணவர் வேலைபார்க்கும் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்.

நாடிக்காரர் சீட்டுக்கடியில் கையை விட்டு, தளர்ந்திருந்த வயரைச் சரியாக மாட்டினார். கம்ப்யூட்டரிலிருந்து ஒருவர் நடுக்கத்தைத் தட்டிவிட, இவர் வெறும் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். இடது நடுங்கியது. வலது நடுங்கியது. "பூனைக்குட்டி மாதிரி இருக்கா" என்று சொல்லி வண்டியை அனுப்பிவிட்டார். சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்து பார்ப்பது உள்ளங்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை.

அங்கிருந்து வண்டி தையலக்காவிடம் போய்ப் புது உறை போட்டுக்கொண்டது. அதன்பின் தலைவர் தன்னந்தனியாக ஓட்டிப்போன முதல் நெடும்பயணத்தில், மெல்ல மெல்ல இடதுபக்கம் ஒதுங்கி, ரோட்டோரம் நின்ற பெரிய போர்டு ஒன்றில் போய் மோதினார். 'கவனம் இருந்தால் பயணம் இனிது' என்று எழுதிய போர்டு. கீழே, கையை உயர்த்திச் சிரிக்கும் தலைவரின் படம். போர்டில் இருந்த தலைவர் சிரித்தபடியே சாய்ந்தார். காரில் இருந்த தலைவருக்குக் கீறல்கூட இல்லை. இடதுபக்கக் கதவுக் கண்ணாடி மட்டும் நொறுங்கி உள்ளே கொட்டியது.

மறுநாள் காலை வொர்க்‌ஷாப்பில் எல்லோரும் டீக் குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துத் தலைவர் வந்தார். கூட்டம் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

"சீட்டு ஒரு வார்த்தை சொல்லல" என்று ஆரம்பித்தார். "இந்தத் தொடையில ஒரு தட்டு தட்டியிருந்தா நான் திருப்பியிருக்க மாட்டேனா? தொட்டுப் பாத்தேன், நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தான் மச்சான். நல்லாத்தான் நடுங்குச்சு."

"அப்ப என் தொடை பொய் சொல்லுதா?"

சுற்றி நின்றவர்கள் டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். நாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அந்த வியர்வையில்தான் அந்த வார்த்தை வந்தது. "உறை தைச்சது உங்க தங்கச்சிதானே. ஊசியை உள்ள விட்டுத் தைச்சிருப்பா. அது வயர்ல குத்தியிருக்கும். துணி வேலை பாக்கறவங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"என் தங்கச்சியை இழுக்காத. அவ தலையெழுத்து, உனக்கு வாக்கப்பட்டுத் தொலைச்சா. உன் கையை வச்சு நீ சோத்துப் பானையைக்கூடப் பாக்க லாயக்கில்ல."

முதலாளி இருவருக்கும் நடுவில் நின்றார். நல்ல மனுஷர், யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். குழுவின் வண்டிகள் எல்லாம் அவருடைய வொர்க்‌ஷாப்புக்குத்தான் வந்துகொண்டிருந்தன. ஆகையால் தலைவர் சொன்னது கொஞ்சம் கூடுதலாகச் சரியாக இருந்தது. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க நாடி. தலைவருக்குக் கோபம் ஆறட்டும்" என்றார்.

அன்று மாலை நாடிக்காரரின் கருவிப் பையை எடுத்துக்கொண்டு முதலாளியே வீட்டுக்கு வந்தார். நாடிக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்தபடி முதலாளி நடந்ததையெல்லாம் தையலக்காவிடம் வரிசையாகச் சொன்னார், ஊசி உட்பட.

"ஊசின்னா சொன்னாரு?"

"கோபத்துல வந்த வார்த்தைக்கா."

"கோபம் இல்லீங்க. பயம்."

"அதுவும் சரிதான்" என்று முதலாளி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

தையலக்கா மெஷினுக்குத் திரும்பினாள். அவள் ஊசி ஒடிந்தால் ஒடிந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தையல் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதே அறையில் டீக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்தவர்தான் அவள் புருஷன்.

அடுத்த வாரம் தலைவர் வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. டிரைவர் சீட்டின் உறை. கண்ணாடித் தூள் ஏறிவிட்டது, உட்கார்ந்தால் குத்துகிறது, சுத்தம் செய்து கொடு என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள். நாடிக்காரர் டயரிலிருந்து அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த வீட்டுத் துணி என் கண்ல படக்கூடாது."

கண்ணில் படாமல் அவள் அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். அகலமான தட்டில் வைத்து ஓரத் தையலைப் பிரித்தாள். பழைய பிரஷ்ஷால் தூளைத் தட்டத் தட்ட, உள்ளே அவளே வைத்த ஸ்பாஞ்ச் வெளியே வந்தது. ஒரு விரற்கடை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் கனம்.

அன்றைக்கு அண்ணன் தனியாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது அது.

"பாப்பா, உக்காந்தா ரோடு தெரியணும்ல. அந்த டிரைவர் பய ஒட்டகம் மாதிரி. சீட்டை அவனுக்குத் தக்கன வச்சிருக்கான்."

"சீட்டை ஏத்தறதுக்குப் பட்டன் இருக்குமேண்ணே."

"ஏத்தியாச்சு."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு அட்டை ஸ்பாஞ்சு சேத்து வை. வெளிய தெரியக்கூடாது. மாப்ளைக்கும் சொல்லாத, அவன் வாய் நிக்காது" என்றார். அண்ணன் வெட்கப்பட்டு அவள் பார்த்தது அது ஒரு தடவைதான். அதற்காகவே வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

இப்போது அந்த ஸ்பாஞ்சைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு மெஷின் நாற்காலியை இழுத்து வந்து, தன் போனைச் சத்தமில்லாமல் நடுங்கும்படி வைத்து அதில் போட்டாள். மேலே ஸ்பாஞ்சை வைத்து, உறையை விரித்து உட்கார்ந்தாள். கணவரின் போனிலிருந்து தன் போனுக்கு அடித்தாள். தொடைக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஸ்பாஞ்சை உருவிவிட்டு, வெறும் துணிமேல் உட்கார்ந்து மறுபடி அடித்தாள். துள்ளி எழாத குறை.

ஆக, அன்றைக்கு சீட் கத்தித்தான் இருக்கிறது. தலைவரின் உயரம் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. பொத்தித் தைத்தது தன் கை. வெறும் சீட்டைத் தொட்டுவிட்டு எல்லாம் சரி என்றது தன் புருஷன் கை.

கூடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். வாசல்வரை வந்தாள். நாடிக்காரர் டயரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்: "ஊசிதான். ஊசியாத்தான் இருக்கணும்."

தையலக்கா பின்னறைக்குத் திரும்பினாள். ஸ்பாஞ்சை இருந்த இடத்திலேயே வைத்து, இருந்த மாதிரியே தைத்தாள். இந்த உறையைப் பற்றி அவர் என்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறாரோ, அன்றைக்குச் சொல்கிறேன். ஒரே ஒரு கேள்வி போதும். அதுவரைக்கும் ஊசியையே தேடட்டும்.

அவர் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. தகரக் கூரை இரவுபகலாகக் கிறீச்சிட்டது. அவள் வேன் உறைகளை முடித்து ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் உறைகளுக்கு வந்திருந்தாள். வீட்டில் அந்த மெஷின் ஒன்றுதான் ஓடியது என்பதால் சமையல் நாடிக்காரர் கைக்குப் போயிற்று. பானையின் மேலும் அவர் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடித்தான் பார்த்தார். சோறு தினமும் குழைந்தது. குழைந்த சோற்றைப் போட்டுக்கொண்டே பழிவாங்கும் திட்டங்களை எடுத்துச் சொல்வார்.

"ஹாரனைக் கொண்டுபோய் சீட்டோட சேத்துடறேன். மேடை முன்னால வந்து உக்காரும்போது அலறும்."

"உப்பு இல்ல."

"இல்லன்னா, லெஃப்டு வயரை ரைட்டுக்கு மாத்திடறேன். இடது போனா வலது நடுங்கும். குழம்பிச் சாகட்டும்."

"செத்தா என் அண்ணன்."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன். எனக்கு வேண்டியது உயிர் இல்ல. அதே வொர்க்‌ஷாப்பு, அதே முதலாளி. ‘மாப்ள, தப்பு என்னோடது’. அவ்வளவுதான். அதைச் சொன்னாத்தான் நான் அந்த வாசப்படியை மிதிக்க முடியும். இல்லன்னா வேற வொர்க்‌ஷாப்புல போய் நின்னாலும், ‘மச்சானே நம்பாத கை’ன்னுதானே சொல்லுவான்."

அதில் பொய் இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. தட்டை நகர்த்திவிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "நீ தைச்சது ஒழுங்கா இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். அவள் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

காற்றே இல்லாத ஒரு மத்தியானம் தலைவர் வந்தார். வந்தவர் நேராக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கால்நுனி மட்டும் தரையைத் தொட்டது.

"மாப்ள எங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தலைவர் எட்டிப் பார்த்தார். "அங்க என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"டயர்ல எதுக்கு? நாற்காலி இருக்கே."

"அதுலதான் நீங்க உக்காந்திருக்கீங்களே."

தலைவருக்கு அது புரியவில்லை. புரியாதவற்றைக் கடந்துபோவது அவருக்குக் கஷ்டமும் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டி இப்ப வேற மாதிரி படுத்துது. அன்னிக்கு நடுங்கவே மாட்டேன்னுச்சு. இப்ப நிக்கவே மாட்டேங்குது. கடைலேர்ந்து வீட்டுக்குப் போறதுக்குள்ள இந்தத் தொடை, அந்தத் தொடை, மாறி மாறி. நேத்து குழு ஆபீஸ்ல இறங்கறேன், காலு தானா ஆடுது. செயலாளர் பாத்துட்டு, ‘தலைவருக்குச் சர்க்கரை இருக்கா’ங்கறான்."

"வொர்க்‌ஷாப்புல காட்டினீங்களா?"

"காட்டாம? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தானுங்க. ஒரு குத்தமும் இல்லையாம். அப்ப என் தொடையில குத்தமான்னு கேட்டேன். உங்க முதலாளி ‘அதுவும் சரிதான்’ங்கறான்."

நாடிக்காரர் டயரில் சற்று நிமிர்ந்தார். "திரும்பும்போது இன்டிகேட்டர் போடறீங்களா மச்சான்?"

"எதுக்கு? நான் எங்க போறேன்னு எனக்குத் தெரியாதா?"

"ரோட்டுல வெள்ளைக் கோடு போட்டிருக்காங்களே, அதுக்குள்ள போறீங்களா?"

"அந்தக் கோட்டைப் போட வச்சதே நான்தான்யா. எங்கிட்டயே கோட்டைப் பத்தி."

நாடிக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பல நாள் கழித்து வந்த வெளிச்சம். சீட்டில் ஒன்றும் இல்லை. சீட் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த மனுஷருக்கு வண்டி ஓட்ட வராது. தான் போட்ட கோட்டைத் தானே தாண்டும்போதெல்லாம் தொடையில் அடி வாங்குகிறார். பழி அதுவாகவே வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

"பாத்துத் தரேன்" என்றார் நிதானமாக. "ஆனா முதலாளியும் கூட வரணும். நீங்க ஓட்டணும். குத்தம் என் கை மேல இல்லன்னு தெரிஞ்சா, அவர் முன்னால உங்க வாயால சொல்லணும், தப்பு உங்களோடதுன்னு."

"நானா? அடுத்த வாரம் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம். முதல் வண்டி என்னோடது. இந்த நேரத்துல நான் தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நடுங்கிக்கிட்டே முதல் வண்டி ஓட்டினா?"

தலைவர் வெகுநேரம் கைக்குட்டையை மடித்தார். "சரி. குத்தம் உன்னோடது இல்லன்னா சொல்றேன்." எழுந்து வாசலுக்குப் போனவர் திரும்பினார். "பாப்பா, உறை ரெடியா? வரும்போது கொண்டாந்துடு. அந்த உறை இருந்தவரைக்கும் இந்த நடுக்கத் தொல்லையே இல்ல."

தையலக்காவின் கால் மெஷின் பெடலில் நின்றது. முடிச்சை அண்ணனே அவிழ்த்து வைத்துவிட்டார். அவள் கணவரைப் பார்த்தாள். இப்போதாவது கேட்பார்.

நாடிக்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்கப்படும் காட்சி அங்கே ஓடிக்கொண்டிருந்தது போல. ஒன்றும் காதில் விழவில்லை.

"ரெடியா இருக்குண்ணே" என்றாள்.

வண்டியைச் சோதிக்கக் குறித்த நாளுக்கு முதல்நாள் மழை பெய்து ரோடு கழுவிவிட்டாற்போல இருந்தது. வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. தலைவர் ஓட்டினார், ஸ்டியரிங்குக்கு மேலாக அவர் கண்ணும் நெற்றியும் மட்டும் இருந்தன. பக்கத்தில் நாடிக்காரர். கார் சீட் தொழில் சம்பந்தப்பட்டது, சபதத்தில் வராது என்று ஏறுமுன் மனைவியிடம் விளக்கம் கொடுத்திருந்தார். பின்னால் முதலாளியும், மடியில் உறையோடு தையலக்காவும்.

"நடுங்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க மச்சான்" என்றார் நாடிக்காரர். "முதலாளி, நீங்க தலையை வெளிய விட்டு சக்கரம் எங்க இருக்குன்னு பாருங்க."

வண்டி கிளம்பியது.

"இடது" என்றார் தலைவர்.

"கோட்டு மேல" என்றார் முதலாளி.

"வலது. பாத்தியா, ஒரு காரணமும் இல்லாம."

"இந்தப் பக்கக் கோட்டு மேல."

"இடது. மறுபடி இடது."

"தாண்டிப் போயாச்சு தலைவரே. மண்ணுல ஓடுது."

முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. தலைவர் வலது தொடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். "ரெண்டும்" என்றவர், "ரெண்டும் நடுங்குது" என்று இரண்டாம் தடவை சொன்னபோது நாடிக்காரர் பிரேக் என்று கத்தினார். லாரியின் பின்பக்கம் மூக்கில் இடிக்கிற தூரத்தில் வண்டி நின்றது. முதலாளியின் தலை ஜன்னல் சட்டத்தில் முட்டியது. அதுவும் சரிதான் என்று அவர் சொல்லவில்லை.

வண்டியை ஓரம்கட்டினார்கள். நிமிர்த்தி நட்ட போர்டு கொஞ்ச தூரத்தில், ஒரு பக்கம் சாய்ந்தபடி, சிரித்துக்கொண்டு நின்றது. நாடிக்காரர் தொண்டையைச் செருமினார். டயரில் உட்கார்ந்து பாடம் பண்ணிய பேச்சு.

"சீட்டுக்கு ஒரு குத்தமும் இல்ல முதலாளி. ஒவ்வொரு தடவையும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கு. நான் மாட்டின வயரு, நான் தொட்ட கை, எதுலயும் பழுது இல்ல. ஓட்டறவர்..." இங்கே ஒரு இடைவெளி விட்டார், "ஓட்டறவர் மேடையில பேசறதை ரோட்டுலயும் கேட்டா நல்லது."

முதலாளி நெற்றியைத் தடவியபடி தலையாட்டினார். தலைவரின் முகம் கறுத்தது. ஆனாலும் வாயால் வாழ்கிறவர், சும்மா விடவில்லை.

"சரி. இவ்வளவு யோக்கியமான சீட்டு, அன்னிக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டிருந்துச்சு? இதே நான்தான் ஓட்டினேன். இதே கோடுதான். இந்தா நிக்குது, இதே போர்டுதான். பதில் சொல்லு."

நாடிக்காரர் வாயைத் திறந்தார். இந்தக் கேள்வி டயரில் வரவில்லை. முதலாளியும் அவர் முகத்தையே பார்த்தார். வேறு எதுவும் தோன்றாமல், பழைய வார்த்தையே நாக்குக்கு வந்தது. "ஊசி" என்று முனகிவிட்டுப் பின்னால் திரும்பினார். மனைவியின் மடியிலிருந்த உறையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

கை இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. மணிக்கட்டுவரை போய்த்தான் நின்றது. பழக்கத்தில் கண்ணை மூடியிருந்தவர், மெதுவாகத் திறந்தார். எந்த ஒரு வண்டியின் நாடியையும் அவர் இவ்வளவு தெளிவாகப் பிடித்தது கிடையாது.

"ஊசி இருக்குதாங்க?" என்று தையலக்கா மெல்லக் கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தலைவரின் கண்கள் அந்தக் கையையும் அது புதைந்திருந்த ஆழத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன நாடி, கை என்ன சொல்லுது?" என்றார் முதலாளி.

வாயைத் திறந்தால், வெறும் சீட்டைத் தொட்டுவிட்டு உறையைத் தொடாமல் விட்டது வெளியே வரும். தன் வீட்டில் தைத்ததுதான் காரணம் என்பதும் வரும். வீட்டில் ஓடும் ஒரே மெஷினும் நின்றுபோகும்.

"சொல்லுங்க" என்றாள் தையலக்கா. "எனக்குத் துணி வேலைதான் தெரியும்."

அவர் சொல்லவில்லை. சொன்னது தலைவர்தான். ஸ்பாஞ்ச் எதற்கு, யார் கேட்டது, ஏன் கேட்டது என்று அடுத்தடுத்து வரப்போகும் பேச்சு அவருக்கு மேடையிலிருந்து முன்வரிசை தெரிகிற மாதிரி தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். "விடு மாப்ள. தப்பு என்னோடது" என்றார் அவசரமாக. "நான்தான் கவனமில்லாம ஓட்டினேன். முதலாளி, மாப்ள கை தங்கமான கை. நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கோங்க."

"அதுவும் சரிதான்" என்றார் முதலாளி, நிம்மதியாக. "எப்ப வரணும்னு சாயங்காலம் போன்ல சொல்றேன் நாடி. கூப்பிடும்போது எடுங்க, பதில் இல்லன்னா எனக்கு வேற ஆள் பாக்க வேண்டி வரும். வேலை குவிஞ்சு கிடக்கு."

கேட்கவேண்டும் என்று ஏங்கிய மன்னிப்பு வந்து முடிந்துவிட்டது. நாடிக்காரர் அதை வாங்கி வைக்க இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

தையலக்கா கதவைத் திறந்து இறங்கினாள், மற்றவர்களும் இறங்கினார்கள். "அண்ணே, உறையை இப்பவே மாட்டிடறேன். சின்ன வேலை ஒண்ணு பாக்கி." பானெட்டின்மேல் உறையை விரித்தாள். பையிலிருந்து கத்தரியை எடுத்து ஓரத் தையலைப் பிரித்தாள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பாஞ்சை முழுசாக உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இது உள்ள தப்பா வந்திருச்சு. உங்களுக்கு எதுக்குண்ணே இது?"

தலைவருக்கு எதற்கு என்று தலைவரால் சொல்ல முடியவில்லை. மெலிந்த உறையை அவள் மாட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி போனது. பின்னாலிருந்து பார்த்தால் யாரும் இல்லாமல் ஓடுவது மாதிரி இருந்தது. வளைவில் இன்டிகேட்டர் போட்டார். ஊர்வலத்துக்கு முன்னாலேயே நெட்டை டிரைவரைத் தேடிப்போய்க் கூட்டி வந்துவிட்டார் என்பது பிறகு தெரிந்த விஷயம்.

முதலாளி ஒரு பக்கம் போக, இவர்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தூறல் விழுந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் அவர்.

"நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள் அவள்.

மத்தியானம் முழுக்க மெஷின் ஓடியது. பஸ் உறைக்கு நடுவே அவள் வேறொன்றையும் தைத்தாள். சாயங்காலம் ஜன்னலோர நாற்காலியில் ஒரு மெத்தை கிடந்தது. அதே ஸ்பாஞ்ச், குறைக்காமல். மேலே நல்ல துணி, ஓரத்தில் தங்க நிறப் பட்டி, மூலை நான்கும் அளவெடுத்தாற்போல.

"சபதம் முடிஞ்சுதுல்ல" என்றாள். "உக்காருங்க."

அவர் மெத்தையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். எல்லாக் காரணமும் அந்த ஸ்பாஞ்சில்தான் போய் முடிந்தது. ஏறி உட்கார்ந்தார். கால்நுனி மட்டும் தரையைத் தொட்டது.

"நல்லா இருக்கா?"

"ம்."

"இனிமே தினம் அதுலயே உக்காருங்க. உங்களுக்குன்னே தைச்சது."

வெளியே மழை வலுத்தது. அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். "முதலாளி இன்னும் கூப்பிடலியே" என்றார், பொதுவாக, மழையிடம் சொல்வது போல. போன் எங்கே என்று அவளிடம் கேட்கவில்லை.

மெத்தைக்கும் மரப் பலகைக்கும் நடுவில், அவருக்கு நேர் கீழே, அவருடைய போன் நடுங்க ஆரம்பித்திருந்தது. தையலக்காவுக்கு அந்த மெல்லிய உறுமல் கேட்டது. அவர் கேட்டால் சொல்லலாம் என்று கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையை நாற்காலிக் கைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பெடலை மிதித்தாள்.